சிகரம் யாருடையது?

"கிளிமஞ்சாரோ ஏறிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் நாம் உடனே கை தட்டுவோம். தட்டத்தான் வேண்டும். 5,895 மீட்டர் சாதாரண உயரம் இல்லை. நம்ம கினபாலுவைவிட 1,800 மீட்டர் அதிகம். ஆனால் அந்த மலையை "நான் ஏறினேன்" என்று தனியாகச் சொல்லிக்கொள்வது நியாயமா? இறுதியாண்டு முடிந்ததும் அங்கே போகலாம் என்று நானும் மூன்று நண்பர்களும் விலை விசாரிக்கத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் மலையைப் பார்ப்போம். தான்சானியாவில் உள்ள இந்த எரிமலையில் ஏறுவது, ஒரு வாரத்துக்குள் பூமத்திய ரேகையிலிருந்து துருவத்துக்கு நடப்பது மாதிரி. அடிவாரத்தில் சாகா மக்களின் வாழையும் காப்பியும். சுமார் 1,800 மீட்டரிலிருந்து மழைக்காடு. பாசி தொங்கும் மரங்கள், கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குகள். 2,800 மீட்டரைத் தாண்டினால் மரங்கள் மறைந்து புதர்நிலம். 4,000 மீட்டருக்கு மேல் கல்லும் மண்ணும் மட்டும். உச்சியில் பனிக்கட்டி, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

ஏறக்குறைய 4,000 மீட்டரில் இரண்டு விநோதமான செடிகள் இருக்கின்றன. ராட்சத கிரவுண்ட்செல், காய்ந்துபோன இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றி அப்படியே வைத்திருக்கும். அதுதான் அதற்குக் கம்பளி. ராட்சத லொபேலியா, இரவானதும் இலைகளை மூடி நடுக்குருத்தைப் பனியிலிருந்து காக்கும். பகலில் வெயில், இரவில் உறைபனி. இந்த ஏற்பாடுதான் அங்கே அவை பிழைக்க உதவுகிறது.

அதே உயரத்தில், அதே இரவில், நம்ம கூடாரத்தைச் சுமந்து வந்த மனிதர் எதைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்?

கூடாரத்தில் தங்கும் பாதைகளில் ஒருவர் ஏறுவதற்குச் சாதாரணமாக மூன்று நான்கு பேர் சுமக்கிறார்கள். கூடாரம், கேஸ் தோம்பு, சமையல் சாமான், மேசை நாற்காலிகூட. பல பேர் தலையில்தான் தூக்குகிறார்கள். ஏறுகிறவர் முதுகில் தண்ணீரும் மழைச்சட்டையும் உள்ள ஒரு சின்னப் பை. ஒரு சுமைதூக்கிக்கு 20 கிலோதான் என்று விதி இருக்கிறது. நுழைவாயிலில் எடையும் போடுகிறார்கள். சுமார் 4,700 மீட்டரில் உள்ள கடைசி முகாமோடு பெரும்பாலோர் நின்றுவிடுவார்கள். அதனால் உச்சியில் எடுக்கும் படத்தில் அவர்கள் இருப்பதில்லை.

"அது அவங்க வேலை, காசு கொடுக்கிறோம்தானே?" என்று ஒரு நண்பன் கேட்டான். பாதி சரி. நாம் போகாமல் இருந்தால் அவர்களுக்கு அந்தச் சம்பளமும் இல்லை. ஆகவே போகாமல் இருப்பது பதில் ஆகாது. ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம், அது யார் கையில் சேருகிறது?

இங்கேதான் பொறியியல் மாணவன் மூளை வேலை செய்கிறது. பூங்காக் கட்டணம் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். சாப்பாட்டிலும் கேஸிலும் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது. அப்படியானால் ஒரு பேக்கேஜ் மற்றதைவிட ரொம்ப மலிவாக இருந்தால், அந்தச் சமன்பாட்டில் எது குறைந்திருக்கும்? பெரும்பாலும் சம்பளம், அல்லது ஆள் எண்ணிக்கை. ஆள் குறைந்தால் கிலோ கூடும். நமக்கு மிச்சமாகும் சில நூறு வெள்ளி இன்னொருவர் கழுத்தில் ஏறி உட்காரும்.

"நாம நேரடியா யாரையும் ஏமாத்தலையே" என்று தப்பிக்கலாம். தெரியாதவரை அது சரி. தெரிந்த பிறகு, மலிவு விலையைத் தேர்ந்தெடுப்பதும் நம் செயல்தான்.

கிளிமஞ்சாரோ போர்ட்டர் உதவித் திட்டம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. சுமைதூக்கிகளுக்குக் குளிருடைகளை இலவசமாக இரவல் கொடுக்கிறது. அவர்களை நியாயமாக நடத்தும் நிறுவனங்களின் பட்டியலும் வைத்திருக்கிறது. போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு நாள் கூலி எவ்வளவு? எத்தனை வேளை சாப்பாடு? எங்கே தூங்குவார்கள்? பதில் சொல்லத் தயங்கும் நிறுவனம் வேண்டாம்.

செடிக்கு மலையே கம்பளி கொடுத்திருக்கிறது. மனிதருக்கு, ஏற ஆசைப்படும் நாம்தான் கொடுக்க வேண்டும். நாங்கள் நால்வரும் பேசி, பயணத்தை ஒரு வருடம் தள்ளி வைத்திருக்கிறோம். முழு விலைக்கும் சேமித்த பிறகு போவோம். திரும்பி வந்தால் "ஏறினோம்" என்றுதான் சொல்லுவோம்.