தெருச் செலவும் நீதியின் அளவுகோலும்

பலரும் சேர்ந்து பயன்படுத்தும் ஒன்றுக்கான செலவை எவ்வாறு பங்கிடுவது நீதி? ஏட்டில் எளிதாகத் தோன்றும் இக்கேள்வி, தெருவில் இறங்கியவுடன் நெடுநாள் நட்பையும் முறித்துவிடுகிறது.

தமிழக அரசு 2021இல் மீண்டும் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டத்தில், சாலை போன்ற பணிகளின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நான்கு வீடுகள் உள்ள ஒரு முட்டுச் சந்துக்குச் சிமெண்டுச் சாலை அமைக்க 3,60,000 ரூபாய் ஆகும் எனக் கொள்வோம். மக்கள் பங்கு 1,20,000 ரூபாய். அதைத் தமக்குள் பிரித்துக்கொள்வதில்தான் வழக்குப் பிறக்கிறது.

"வீட்டுக்கு 30,000" என்பார் ஒருவர். "மனையின் முகப்பு அளவுப்படி கொடுப்போம்" என்பார் மற்றொருவர். முகப்புகள் முறையே 20, 30, 40, 60 அடி எனில், பங்குகள் 16,000, 24,000, 32,000, 48,000 என அமையும். முதல் வீட்டாரோ, "நான் முதற்பகுதியை மட்டுமே மிதிக்கிறேன், கடைசி வீட்டார் முழுச் சாலையையும் மிதிக்கிறார்" என்பார். சாலையை 30,000 ரூபாய் வீதம் நான்கு பகுதிகளாக்கி, ஒவ்வொரு பகுதியையும் பயன்படுத்துவோர் மட்டும் அதன் செலவை ஏற்பதானால், 7,500, 17,500, 32,500, 62,500 என வரும்.

மூன்றும் பிழையற்ற கணக்குகளே. முதலாவது மனிதரைச் சமமாக மதிக்கிறது. இரண்டாவது உடைமையை அளக்கிறது. மூன்றாவது நடையை அளக்கிறது. ஆயினும் எதுவும் முழுமையன்று. முதல் வீட்டார் குறைவாக மிதிப்பது மெய்யே. ஆனால் எல்லார் வண்டிகளும் கிளப்பும் புழுதி அவர் வாசலில்தானே படிகிறது? இங்கிலாந்தின் 1892ஆம் ஆண்டுத் தனியார் தெருப் பணிச் சட்டம் முகப்பு அளவை அடிப்படையாகக் கொண்டது. எனினும், ஒரு மனை பெறும் பயனின் ஏற்றத்தாழ்வையும் கருதிப் பார்க்க இடமளித்தது. ஒற்றை அளவுகோல் போதாது என்பது சட்டம் வகுத்தோருக்கும் புலப்பட்டிருந்தது.

உண்மையில் குறை கணக்கில் இல்லை. தமக்கு எது குறைவாக வருகிறதோ அதையே நீதி என்று வாதிடும் மனத்தில் இருக்கிறது. எந்த வீடு தமக்கு வாய்க்கும் என்று அறியாத நிலையிலும் இதே விதியை ஏற்போமா என ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். அவ்வாறு கேட்டால், பாதியைச் சமமாகவும் பாதியை முகப்புப்படியும் பிரிப்பது பலருக்கும் ஏற்புடையதாகலாம். அப்போது பங்குகள் 23,000, 27,000, 31,000, 39,000 என்றாகும்.

அதற்கும் முன்னால் எண்ணத்தக்கவை இரண்டு உண்டு. முதலாவது தீங்கு. பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போட்டால், தாழ்ந்த பழைய வீட்டுக்குள் மழைநீர் புகும். அவ்வீட்டாரிடம் பயனுக்கு விலை கேட்பது எவ்வாறு தகும்? சாலை மட்டம் உயராதபடி பார்த்துக்கொள்வது பங்கு பிரிப்பதற்கு முந்திய கடமை.

இரண்டாவது இயலாமை. ஓய்வூதியமும் இன்றித் தனித்து வாழும் முதியவரும், வசதியிருந்தும் கொடுக்க மனமில்லாதவரும் பட்டியலில் ஒன்றுபோல் 'பாக்கி' என்றே காணப்படுவர். இருவரையும் ஒரே சொல்லால் சுடுவது அநீதி. இயலாதவரின் பங்கை ஏனையோர் ஏற்றுக்கொண்டு, அவர் பெயரை எவரும் அறியாதபடி காத்தல் வேண்டும். மனமில்லாதவரிடம் நேரில் சென்று நியாயத்தை எடுத்துரைக்கலாம். அப்போதும் அவர் இணங்காவிடின், அவரும் அதே சாலையில்தான் நடப்பார். அதைப் பொறுத்துக்கொள்வதும் பொதுவாழ்வின் ஒரு செலவே.

போட்ட சாலை சில ஆண்டுகளில் தேயும், மறுபடியும் போடலாம். பங்கு பிரிக்கையில் ஒருவரையொருவர் சொல்லிய கடுஞ்சொல்லைச் செப்பனிடும் ஒப்பந்தக்காரர் எவருமிலர். ஆதலின், தொகையைப் பார்ப்பதற்கு முன்பே விதியை முடிவு செய்வோமாக.