பேசாத வசனம்

கலியாணத் தரகர் வந்து விறாந்தைக் கதிரையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே தகப்பன். தாய் கதவு நிலையைப் பிடித்தபடி. மூத்த மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகிறாள். மேடை நாடகமென்றால் இந்த இடத்தில் அவளுக்கு ஒரு பக்கம் வசனம் வேண்டியிருக்கும். வானொலி நாடகமென்றால் கோப்பைச் சத்தமும் ஒரு பெருமூச்சும் வேண்டும். திரைக்கு எழுதுகிறவர் அவளை வாய் திறக்க விடாமல், திரும்பிப் போகும் முதுகை மட்டும் காட்டினாலே போதும். 'எவ்வளவு எதிர்பார்க்கினம்?' என்று தகப்பன் பின்னால் கேட்பது அந்த முதுகில் விழும்.

இந்த வித்தியாசம் தெரிந்து எழுதியவர் காவலூர் இராசதுரை. 1931இல் பிறந்தவர். பெயரில் இருக்கும் காவலூர், ஊர்காவற்றுறை. 'குழந்தை ஒரு தெய்வம்' என்ற தொகுதியோடு சிறுகதையாளராக அறியப்பட்டு, இலங்கை வானொலியில் பணிசெய்து, பின்னர் விளம்பரத் துறைக்குப் போனார். இந்த மூன்று தொழிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். சிறுகதை, எதை விடுவது என்று கற்றுத் தரும். வானொலி, சனம் எப்படிக் கதைக்கிறது என்று காதைத் தீட்டும். விளம்பரத்தில் ஒரு சொல் கூடினாலும் காசு.

1977இல் வந்த 'பொன்மணி' படத்துக்கு அவர் எழுதினார். இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. 'அஹஸ் கவ்வ' மூலம் சிங்களத் திரையில் புதுத்தடம் போட்டவர், யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக விரிவுரையாளராகவும் இருந்தவர். ஒளிப்பதிவு டொனால்ட் கருணாரத்ன. சிங்களம் தாய்மொழியான இயக்குநருக்கு யாழ்ப்பாணத்து வீட்டின் உள்ளறையைத் திறந்து காட்ட வேண்டிய பொறுப்பு எழுத்தாளரின் தலையில்தான் விழுந்திருக்கும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூத்தவளுக்குச் சீதனம் சேராததால் கலியாணம் தள்ளிப்போகிறது. இளையவள் பொன்மணி, குறைந்த சாதி என்று வீட்டார் ஒதுக்கும் ஒருவனோடு போகிறாள். கொலையில் முடிகிறது. ஆனால் இந்தக் கதைக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. அது விளங்கினால்தான் திரைக்கதை விளங்கும்.

1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் சீதனம் பெண்ணுக்குரிய சொத்து. வீடு, வளவு, நகை எல்லாம் அவள் பெயரில் போகும். அதோடு மாப்பிள்ளை வீட்டுக்கென்று காசாகக் கைமாறுவது 'டொனேசன்'. அந்தக் காசு பல வீடுகளில் மாப்பிள்ளையின் தங்கச்சிக்குச் சீதனமாக மறுபடி வெளியே போகும். ஒரு வீட்டில் மூத்தவள் தங்கிவிட்டால் இன்னொரு வீட்டில் வேறொருத்தி தங்கிவிடுவாள். இப்படிப் பின்னிக் கிடக்கும் ஊரில் வில்லன் என்று ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவது பொய்யாகிவிடும். தகப்பனும் கொடியவனில்லை, தமையனும் கொடியவனில்லை. அதனால்தான் அந்தச் சாவு அவ்வளவு பாரமாக இருக்கிறது.

அடுத்தது மொழி. ஈழத்துத் தமிழ்ப்படங்கள் பலவற்றில் பாத்திரங்கள் சென்னைத் திரைத்தமிழே பேசின. ரசிகர்கள் அதற்குத்தான் பழகியிருந்தார்கள். 'ஆமா' என்பதற்கும் 'ஓம்' என்பதற்கும் ஒரு சொல் வேறுபாடுதானே என்று தோன்றலாம். ஆனால் 'ஓமாம்' என்று ஒரு தாய் சொன்னால், தான் நேரில் கேட்கவில்லை, பிறர் சொல்லி அறிந்தேன், அதற்கு நான் பொறுப்பில்லை என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். வதந்தியிலும் மரியாதையிலும் ஓடும் ஒரு சமூகத்தைக் காட்ட இதைவிடக் கூரான கருவி இல்லை. யாழ்ப்பாணப் பேச்சைத் திரைக்குக் கொண்டுவருவது மண்வாசனைக்கான அலங்காரம் என்று சிலர் எண்ணுவது எனக்கு வருத்தம் தரும். சமூகத்தின் தந்திரம் முழுவதும் அந்த விகுதிகளில்தான் ஒளிந்திருக்கிறது.

நடித்தவர்களைப் பாருங்கள்: மருத்துவரும் நாவலாசிரியருமான நந்தி, சித்திரலேகா மௌனகுரு, சர்வமங்களம் கைலாசபதி, கமலா தம்பிராஜா. பாதிப்பேர் எழுத்தும் பல்கலைக்கழகமுமாக வாழ்ந்தவர்கள். யாழ்ப்பாணத் தமிழ் அவர்களில் பலர் அன்றாடம் கதைத்த தமிழ்.

படம் திரையரங்குகளில் நிலைக்கவில்லை. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு நீண்ட மௌனங்கள் கிடைத்தன. இராசதுரை பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவில் குடியேறி 2014இல் சிட்னியில் காலமானார், பத்திராஜ 2018இல். 'பொன்மணி' பார்க்கக் கிடைத்தால், மூத்தவள் இருக்கும் காட்சிகளில் யார் யார் அவளிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.