கல்லும் பிரமாணமும்

கண்கூடாகக் காணாத ஒன்றை அறிந்ததாகக் கொள்ளலாமா என்று மணிமேகலையில் பூதவாதி எழுப்பும் ஆட்சேபம், பூமியின் உட்பகுதியைப் பற்றிப் பேசத் துணியும் எவரையும் இன்றைக்கும் விடாமல் பின்தொடர்கிறது. கண்டங்களின் மேலோடு சராசரி 40 கிலோமீட்டர் பருமன் உடையது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் துளைக்கத் தொடங்கி மனிதன் எட்டிய ஆழமோ 12,262 மீட்டர். நிலநடுக்க அலைகளின் வேகம் மாறுவதைக் கொண்டு, ஏழு கிலோமீட்டரளவில் கிரானைட்டு முடிந்து பசால்ட்டு தொடங்குமென அநுமானித்திருந்தவர்கள், அந்த ஆழத்தில், பிளவுண்டு நீர் ஊறிய உருமாற்றப் பாறைகளையே கண்டார்கள். அநுமானம் மாத்திரம் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

ஆனால் பூதவாதி கேட்கும் பிரத்யட்சத்தை எரிமலைகள் தாமே முன்வந்து அளிப்பது போலத் தோன்றுகிறது. ஆழத்திலிருந்து விரைந்தெழும் பசால்ட்டுக் குழம்பு, வழியிலுள்ள பாறைகளிற் சில துண்டுகளைப் பெயர்த்து, அவை தம் இயல்பு மாறுமுன்னரே மேலே கொணர்ந்து போட்டுவிடுகிறது. நிலவியலார் ஜெனோலித் என வழங்கும் இந்த அந்நியக் கற்கள், தாம் பிறந்த இடத்தின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் தம் கனிமங்களின் சேர்க்கையிலேயே தாங்கி வருகின்றன. ஆஸ்திரேலியாவில் வட குவீன்ஸ்லாந்தின் எரிமலைகளிற் கிடைத்தவை பெரும்பாலும் பிளேஜியோகிளேஸ், பைராக்சின், கார்னெட்டு கொண்ட, சிலிக்கா குறைந்த கிரானுலைட்டுகள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் கில்போர்ன் எரிமலைப் பள்ளத்திலோ, கார்னெட்டும் சிலிமனைட்டும் நிறைந்த துண்டுகளும் அகப்பட்டிருக்கின்றன. ஆதியில் நீருக்கடியிற் படிந்த களிமண்தான் மேலோட்டின் அடிவரை சென்று வெந்து இவ்வுருவெடுத்தது என்று எண்ணும்போது, ஆழம் என்பதைப் பற்றிய நம் பாமரக் கருத்துகள் பல ஆட்டங்கொள்கின்றன.

இருப்பினும், கல் கையில் இருப்பதனாலேயே அது வந்த இடம் பிரத்யட்சமாகிவிடுமா? நெருப்புள்ள இடத்திலெல்லாம் புகையுண்டு என்று சொல்லக் கூடாது, ஈரவிறகும் சேர்ந்தாலன்றோ புகை எழும் என்று காட்டி, இத்தகைய மறைந்த நிபந்தனையை நையாயிகர் உபாதி என்றனர். இங்கும் அத்தகைய உபாதி உண்டு. பசால்ட்டு பொங்காத கண்டப் பகுதிகளிலிருந்து அது சாட்சி கொணர்வதில்லை; பொங்கிய இடத்திலும், எளிதில் உருகும் சிலிக்கா மிகுந்த பாறைகள் அக்கொதிகுழம்பிற் கரைந்து மறைந்திருக்கக்கூடும். போதாக்குறைக்கு, வந்த துண்டுகளிற் சில, முன்னெழுந்த குழம்பே ஆழத்தில் தேங்கி உறைந்தவையாகவும் இருக்கலாம். தூதுவன் தன் சொந்தக் கதையையே செய்தியாகச் சொல்லிவிடும் அபாயம் அது.

வேறொரு சாட்சியும் உண்டு. சென்னைப் பறங்கிமலையில் நிலவியலாளர் ஹாலந்து ஆராய்ந்து 1900-இல் விரிவாக விவரித்த சார்னோக்கைட்டு, ஆழத்தில் வெந்த பாறை, மலையெழுச்சியாலும் அரிப்பாலும் வெளிப்பட்டதேயாகும். இவ்வாறு நிலத்தில் வெளிப்பட்டுள்ள கிரானுலைட்டுப் பிரதேசங்கள், எரிமலை கொணரும் துண்டுகளைக் காட்டிலும் பொதுவாகச் சிலிக்கா மிகுந்தவை. இரண்டும் ஆழத்துக் கற்களே. இரண்டும் கண்ணாற் காணத் தக்கவையே. ஆயினும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆகவே, பிரத்யட்சத்தை மட்டுமே நம்புவேன் என்பவர் இவ்விடத்தில் நிற்க வழியின்றித் தவிப்பார். அலைவேகம் என்னும் அநுமானத்தின் துணையோடு இவ்விரண்டையும் நிறுத்துப் பார்ப்பதன்றி வேறு மார்க்கமில்லை. கோலாவில் இழுக்குற்ற அதே அநுமானம் இங்கே நடுவராக வருவதில் வெட்கப்பட ஏதுமில்லை, ஏனெனில் எந்தப் பிரமாணமும் தனித்து நிற்கையில் ஊனமுடையதே.

அவ்வாறு நிறுத்துப் பார்த்து, ரட்னிக்கும் ஃபவுண்டனும் 1995-இல், மேலோட்டின் அடிப்பகுதியில் சிலிக்கா சுமார் 53 விழுக்காடு என மதிப்பிட்டார்கள். 2015-இல் ஹாக்கர், கெலெமன், பேன் ஆகியோரோ, சிலிக்கா குறைந்த பாறை கட்டாயம் இருந்தாக வேண்டிய பகுதி சிறிதே என்றும், ஏனைய இடங்களில் 49 முதல் 62 விழுக்காடு வரை எந்த அளவும் அலைவேகத்துக்கும் வெப்ப ஓட்டத்துக்கும் பொருந்தும் என்றும் எழுதினார்கள்.