யோசனைக்கு எத்தனை கிலோமீட்டர்?

பழைய நீள அளவான யோசனைக்கு எட்டு கிலோமீட்டர் என்பார் ஒருவர், பதின்மூன்று என்பார் மற்றொருவர். விடை பொருந்தும்வரை அளவை நீட்டிச் சுருக்கிச் சமய நூலை மெய்ப்பிப்பது நம்பிக்கைக்கு நன்மையல்ல. நேர்மையான சோதனை விகிதம்தான். அதற்கு யோசனையின் நீளமே தேவையில்லை. பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தில் பூமியின் விட்டம் 1,600 யோசனை, சந்திரப் பாதையின் சுற்றளவு 3,24,000. சுற்றளவிலிருந்து பாதையின் ஆரத்தைக் கண்டு, பூமியின் ஆரத்தால் வகுத்தால் சந்திரன் ஏறத்தாழ 64 பூமி ஆரத் தொலைவில் இருக்கிறது. இன்றைய கணக்கில் சுமார் 60. எவ்வளவு நெருக்கம்! ஆனால் 43,31,500 யோசனைச் சூரியப் பாதை தருவது ஏறத்தாழ 862 ஆரம். உண்மையில் 23,000-க்கும் மேல்.

பிழையைச் சொல்வது நூலுக்கு அவமரியாதையல்லவா என்று கேட்கலாம். அல்ல. நூலைச் செய்தவர்கள் சூரிய சந்திரர் உட்படக் கோள்கள் அனைத்தும் ஒரே வேகத்தில் செல்வதாகக் கொண்டு, சுற்றும் காலத்திலிருந்து பாதையைக் கணித்தார்கள். பிழை அந்த அனுமானத்தில் இருக்கிறது. நூலை அருள்வாக்காக்கினால் கணக்கிட்ட மனிதர்களின் உழைப்பே மறைந்துபோகும்.