மூன்று பாகை

மீனம்பாக்கம். காலை. சிறிய ஏடிஆர் விமானம். பின்பக்கப் படியில் ஏறுகிறேன்.

இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. ஜன்னலை எதுவும் மறைக்கவில்லை.

விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. இதழ்களை எண்ண முடிகிறது. ஆறு. பிறகு எண்ண முடியவில்லை. காற்றில் ஒரு மங்கல் மட்டும்.

*

சென்னை. யாழ்ப்பாணத்துப் பலாலி. வரைபடத்தில் ஏறக்குறைய ஒன்றின் கீழ் ஒன்று. நேர் தெற்கே மூன்று பாகை, பன்னிரண்டு கலை. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். 192 கடல் மைல். சுமார் 355 கிலோமீட்டர்.

மதுரை இதைவிடத் தூரம்.

மணிக்கு 500 கிலோமீட்டர் என்றால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது. முறைக்குக் காத்திருப்பது. ஏறுவது. இறங்குவது.

அதெல்லாம் எந்தத் தூரத்தில் சேரும் என்று ஒரு நினைப்பு வருகிறது. போகிறது.

*

தம்ளர் தண்ணீரில் நுண்ணிய வளையங்கள். பெரிதாகவும் இல்லை, அடங்கவும் இல்லை.

காது அடைக்கிறது. எச்சில் விழுங்குகிறேன். இரைச்சல் திரும்புகிறது. இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது.

*

பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா. புறப்படும்போது கூறைச்சேலைப் பெட்டியை மேலே வைக்கச் சொன்னார்கள். பெல்ட் விளக்கு அணைந்ததும் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார்.

*

வலப்பக்கம் கரை. ஒரு வெண்ணிறக் கோடு. அலையோ, மணலோ.

கோடியக்கரைக்குப் பிறகு அதுவும் இல்லை.

நீலம்.

*

1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாக மெட்ராஸ் வந்தது. பின்னால் நெடுங்காலம் இந்தப் பாதை வெறும் வானம். 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தது. நவம்பரில் சென்னை விமானம். அடுத்த மார்ச்சில் நின்றது. 2022 டிசம்பரில் மறுபடி.

இடைப்பட்ட காலத்தில் கொழும்பு போய், அங்கிருந்து வடக்கே ஏறினார்கள்.

355 அப்போதும் 355.

*

கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. இரு கரையிலும் ஒரே மணி.

1996இல் இலங்கை தன் மணியை முன்னே நகர்த்தியது. வடக்கே வன்னியில் விடுதலைப் புலிகளிடம் பழைய மணியே ஓடியது. ஒரு சோதனைச் சாவடி தாண்டினால் அரை மணி. 2006இல் இலங்கையும் பழைய மணிக்கு வந்தது.

முள் நகர்கிறது. பார்க்கும்போது நகர்வதாகத் தெரியவில்லை.

*

இரைச்சல் ஒரு படி இறங்குகிறது. நீர் வெளிறுகிறது. ஆழமில்லாத பச்சை.

ஜன்னலுக்குக் கீழே சக்கரம் வெளியே வந்து நிற்கிறது. சுழலவில்லை.

பனை. பனை. செம்மண்.

சக்கரத்தில் ஒரு கீற்றுப் புகை.

*

எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். கதவு இன்னும் திறக்கவில்லை.

இறங்கும்போது மேலே போன பெட்டி மறுபடி மடிக்கு வந்துவிட்டது. அம்மா எழவில்லை. கட்டியிருக்கும் நூலின் முடிச்சை விரலால் தடவிக்கொண்டிருக்கிறார்.