கருணையும் திருவுளச் சீட்டும்

உண்மையை அறிவதற்கு நல்ல உள்ளம் ஒன்றே போதுமா என்னும் கேள்வி, சமயவாதிகளும் தத்துவ ஞானிகளும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த கேள்வியாகும். நெஞ்சு தூயதானால் மெய்ப்பொருள் தானே விளங்கும் என்பார் ஒரு சாரார்; நெஞ்சு எத்துணைத் தூயதாயினும், பிரமாணங்களின் துணையின்றி அது கண்ட காட்சியை நம்புதல் தகாது என்பார் மற்றொரு சாரார். இந்தப் பழைய வாதத்துக்கு வேண்டிய சாட்சியம் ஒன்று, 1930ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து தேசத்துப் பள்ளிக்கூடங்களில் நடந்த ஒரு பரிசோதனையிலிருந்து நமக்குக் கிடைக்கிறது.

நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் மலிந்த லானர்க்ஷயர் பகுதியில், பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பால் கொடுத்தால் அவர்களுடைய வளர்ச்சி மேம்படுமா என்பதைத் தீர்மானிக்கும் பொருட்டு, 67 பள்ளிகளிலிருந்து 5 வயதுக்கும் 12 வயதுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 20,000 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களுள் 10,000 பேருக்குப் பிப்ரவரி முதல் ஜூன் வரை பள்ளி நாட்களில் முக்கால் பைண்ட் பால் அளித்து, மற்ற 10,000 பேரைப் பாலின்றி விட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் இரு திறத்தாருடைய எடையையும் உயரத்தையும் அளந்தார்கள்.

இவ்வாறு இரண்டு மாணவர் கூட்டங்களை ஒப்பிடுவதற்குப் புள்ளியியலார் கைக்கொள்ளும் முறையில், ஆசையை அடக்கிய ஒரு விரதத்தின் கடுமை இருக்கிறது. பால் நன்மை செய்யும் என்று நம்புகிறவனே, முதலில், பாலால் யாதொரு வேறுபாடும் விளையவில்லை என்று வைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவனாகிறான். இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அந்தக் கருதுகோள் மெய்யாக இருக்குமானால், கண்முன் தோன்றும் அளவு பெரிய வேறுபாடு வெறுந் தற்செயலால் நேர்வதற்கு எவ்வளவு இடமுண்டு என்று அவன் கணக்கிடுகிறான். அவ்விடம் மிகச் சிறியதாக, வழக்கமாக இருபதில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தாலொழிய, தன் நம்பிக்கைக்கு ஆதரவு கிடைத்ததாக அவன் சொல்லிக்கொள்வதில்லை. கிடைக்காதபோதும், வேறுபாடே இல்லையென்று அவன் சாதிப்பதில்லை. குற்றவாளி, குற்றவாளியல்லன் என்னும் தீர்ப்புகளோடு ‘நிரூபிக்கப்படவில்லை’ என்னும் மூன்றாம் தீர்ப்பையும் ஸ்காத்லாந்தின் நீதிமன்றங்கள் நெடுங்காலம் வழங்கி வந்தனவே, அந்த மூன்றாம் தீர்ப்போடு அவன் அமைதி கொள்ளுகிறான்.

ஆனால் இக்கணக்கு முழுவதும் ஒரே ஓர் அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது. இரண்டு கூட்டங்களும், ஆராயப்படும் அந்த ஒரு விஷயம் நீங்கலாக, மற்றெல்லாவற்றிலும் தற்செயலால் மட்டுமே வேறுபட்டிருக்க வேண்டும். லானர்க்ஷயரில் இந்த அஸ்திவாரந்தான் அசைந்துபோயிற்று. அதை அசைத்தது தீய எண்ணமன்று, கருணை. சீட்டுப் போட்டோ பெயர் வரிசைப்படியோ பிள்ளைகளைப் பிரித்தபின், ஒரு பக்கத்தில் போஷாக்குள்ளவர்களோ மெலிந்தவர்களோ மிகுந்துவிட்டதாகத் தோன்றினால் ஆளை மாற்றிச் சமன் செய்துகொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. பசித்த முகத்தைத் தினந்தோறும் பார்க்கும் ஆசிரியர், அந்த முகத்துக்குரிய பிள்ளையைப் பாலுள்ள பக்கம் சேர்த்ததில் வியப்பென்ன? தொடக்கத்திலேயே, பால் பெறாத பிள்ளைகள் பால் பெற்றவர்களைவிட எடையில் சுமார் மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் சுமார் நான்கு மாத வளர்ச்சியும் முந்தியிருந்தார்கள்.

இந்தக் குறையை 1931இல் எடுத்துக் காட்டியவர் வில்லியம் சீலி காஸெட். டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவாலையில் ரசாயன நிபுணராகப் பணிபுரிந்து, ‘மாணவன்’ என்ற புனைபெயரில் எழுதி வந்த இவரே, சிறு கூட்டங்களின் சராசரிகளை ஒப்பிடுவதற்கு உதவும் டி சோதனைக்கு 1908இல் வித்திட்டவர். பிள்ளைகளை உடுத்த உடையோடே நிறுத்தார்கள் என்பதையும் அவர் கவனித்தார். பிப்ரவரியில் கனத்த குளிர்கால உடையோடும் ஜூனில் மெல்லிய கோடையுடையோடும் நிறுத்தபோது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கழற்றிவிட்ட துணியின் பாரம் வளர்ச்சிக் குறைவாகக் கணக்கில் ஏறியது. கழற்றுவதற்கு அதிகமில்லாத ஏழைப் பிள்ளையின் எடை, பாலால் கூடியதுபோல் தோன்றியது. உருவொத்த இரட்டையர் ஐம்பது ஜோடியைக் கொண்டு, ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்குப் பால் கொடுத்திருந்தால், மிகச் சொற்பச் செலவில் இதனினும் நம்பத்தக்க விடை கிடைத்திருக்கும் என்றார் அவர்.

இவ்வாறு மறைந்து நின்று முடிவைப் பிறழச் செய்யும் காரணத்தை நம்முடைய நியாய சாஸ்திரக்காரர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உபாதி என்று பெயரிட்டு ஆராய்ந்தார்கள். நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு என்று ஒருவன் அனுமானம் செய்தால், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டி அதை மறுத்து, புகைக்குக் காரணம் நெருப்பு மட்டுமன்று, ஈர விறகின் சேர்க்கையும் ஆகும் என்று அவர்கள் விளக்கினார்கள். லானர்க்ஷயரில் பால் நெருப்பாக இருந்தது. வறுமை ஈர விறகாக இருந்தது. நாமறிந்த உபாதியை நாமே நீக்கலாம். அறியாத உபாதியை எங்ஙனம் நீக்குவது? அதற்கு ரானல்ட் ஃபிஷர் 1920களிலும் 1930களிலும் வற்புறுத்திய வழி, யாருக்கு எது என்பதை மனிதர் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக்கு விடுவதாகும். சீட்டு செல்வனையும் அறியாது, வறியனையும் அறியாது. ஆகவே நாம் பெயரறியாத காரணங்களையுங்கூட அது இரு பக்கமும் தற்செயலாகவே பங்கிடுகிறது. மனிதர் தம் பட்சபாதத்தை அஞ்சித் தெய்வ சந்நிதியில் திருவுளச் சீட்டுப் போட்டுப் பார்த்ததன் உட்பொருளும், விருப்பு வெறுப்பைத் துறந்தவனுக்கே உள்ளது உள்ளபடி தோன்றும் என்ற ஞானிகளின் உபதேசமும், இங்கே ஓர் அனுஷ்டானமாகவே வந்துவிடுகின்றன.

பசித்த பிள்ளையைச் சீட்டின் வாயில் விடுவது தர்மமா என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லாமல் செல்லுதல் கூடாது. அந்தப் பிள்ளைக்கு உணவு வேண்டும் என்பது பரிசோதித்து அறிய வேண்டிய விஷயமே அன்று. அதைச் சோதனைக்கு வெளியே, நிபந்தனையின்றிக் கொடுத்துவிடுவதே அறம். சோதனைக்கு இடமுள்ளது, எது நன்மையென்று மெய்யாகவே நமக்குத் தெரியாத இடத்தில் மட்டுந்தான். அங்கே, தெரிந்தவர்போல் நடிப்பதைக் காட்டிலும் சீட்டுக்கு விடுவது நேர்மையானது. அமெரிக்காவின் டென்னஸீ மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஆராய்ச்சியில், பிள்ளைகள் 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்பில் சேர்வதா, 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பில் சேர்வதா என்பதைச் சீட்டே முடிவு செய்தது. சிறு வகுப்புப் பிள்ளைகள் படிப்பில் மேம்பட்டது தெளிவானபின், அம்மாநிலத்தின் மிக வறிய வட்டாரங்களுக்கு முதலில் அந்த நன்மையைக் கொண்டு சென்றார்கள். கருணைக்கு உரிய இடம் அங்கே கிடைத்தது.

இன்னும் ஓர் எல்லையை மறவாதிருக்க வேண்டும். இச்சோதனைகள் சொல்வதெல்லாம் கூட்டங்களின் சராசரியைப் பற்றியதே. இந்தக் குழந்தை இனி என்ன ஆகும் என்று சொல்ல அவற்றுக்கு அதிகாரமில்லை. தாழ்ந்த சராசரியுள்ள கூட்டத்தில் தலைசிறந்த பிள்ளையும், உயர்ந்த சராசரியுள்ள கூட்டத்தில் தடுமாறும் பிள்ளையும் எப்போதும் இருப்பார்கள். கூட்டத்தின் கணக்கை ஓர் ஆன்மாவின் தலையெழுத்தாக வாசிப்பவன், கணிதத்துக்கும் துரோகம் செய்கிறான், தர்மத்துக்கும் துரோகம் செய்கிறான்.

ஆகவே, நல்ல உள்ளம் உண்மையைத் தேடப் புறப்படுவதற்குப் போதும், கண்டறிவதற்குப் போதாது. பிள்ளைகளைக் கொண்டு எதையேனும் அறிய முற்படும் ஆசிரியர்களும் அதிகாரிகளும், எதைச் சோதிப்பது என்பதைக் கருணையோடு தீர்மானித்து, யாருக்கு எது என்பதைச் சீட்டுக்கு விட்டு, வந்த விடையை, அது தம் விருப்பத்துக்கு மாறாயினும், மறைக்காமல் வெளியிட்டு, அதன் பயனைப் பால் பெறாமல் காத்திருந்த பிள்ளைகளுக்கே முதலில் சேர்ப்பிக்க வேண்டும்.