புள்ளிக் கணக்கும் கட்சிக்காரரும்

தொழில் நடத்தும் வழக்கறிஞரைத் தொடர்ந்து படிக்கும்படி கட்டாயப்படுத்துவது அறமாகுமா என்பதற்கு, அந்தப் படிப்பு யாருக்குச் செலுத்தப்படும் கடன் என்று பார்த்தே விடை காண வேண்டும். தீபகற்ப மலேசியாவில் ஒன்பது மாதப் பயிற்சிக் காலத்தை, அதாவது மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் தொழில் பழகும் காலத்தை, முடித்து உயர் நீதிமன்றத்தில் சேர்க்கப்பட்டவர், 1976ஆம் ஆண்டுச் சட்டத் தொழில் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் சான்றிதழைப் புதுப்பித்துத் தொழில் நடத்துகிறார்; அவர் கற்ற சட்டமோ தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கடைவீட்டு மாடியில் இயங்கும் ஓர் அலுவலகத்திற்கு, கணவர் இஸ்லாத்தைத் தழுவிவிட்ட இந்துப் பெண் ஒருவர் வருவதாகக் கொள்ளலாம். திருமண, மணவிலக்குச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம் 2018 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின், மதம் மாறியவரும் சிவில் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரலாம். மணமுறிவுக்கு முன் அவர் இறந்தால், மதம் மாறாத துணையும் பிள்ளைகளும் அவருடைய சொத்தில் பங்கு கேட்கலாம். பிள்ளைகளின் மதமாற்றம் பற்றிய விதி மட்டும் அந்த மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் 2018 ஜனவரி 29 அன்று இந்திரா காந்தி என்ற மலேசியத் தாய் தொடுத்த வழக்கில், பிள்ளைகளை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே சட்டநூலை மட்டும் புரட்டிவிட்டுத் தீர்ப்பை அறியாதிருப்பவர், ‘ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று அப்பெண்ணைத் திருப்பி அனுப்பக்கூடும். சொன்னது தவறென்று அறிய அப்பெண்ணுக்கு வழியும் இராது. கட்டாயத்துக்கான நியாயம் இந்த இயலாமையில்தான் பிறக்கிறது.

மலேசிய வழக்கறிஞர் மன்றம் வகுத்த தொடர் தொழில்முறை மேம்பாட்டுத் திட்டம், கருத்தரங்கு போன்றவற்றில் கலந்துகொண்டு 24 மாதச் சுழற்சிக்குள் 16 புள்ளிகள் பெறுவதை அளவாகக் கொண்டது. வருகைப் பதிவேடு அறிவுக்குச் சான்றாகாது என்ற மறுப்பு சரியானதே. இங்கிலாந்தின் சொலிசிட்டர் ஒழுங்குமுறை ஆணையமும் 2016 நவம்பரில் மணிக்கணக்கைக் கைவிட்டு, தம் பணிக்கு எது தேவை என்பதை அவரவரே ஆராய்ந்து கற்கும் முறைக்கு மாறியது. ஆயினும், தமக்கு எது தெரியாது என்பதையே அறியாதவரிடம் அந்தத் தேர்வை முழுவதுமாக ஒப்படைப்பதில் ஓர் அப்பாவித்தனம் இருக்கிறது. குடும்ப வழக்கு நடத்துபவர் நிறுவனச் சட்டக் கருத்தரங்கில் அமர்ந்து புள்ளி சேர்ப்பதும் அதே அளவுக்கு வீண். எனவே கட்டாயம், அவரவர் கையிலுள்ள வழக்குகளின் துறையைப் பற்றியதாக இருந்தால் மட்டுமே நியாயமாகும். அப்போதும், காலையில் கிள்ளானிலும் பிற்பகலில் ஷா ஆலத்திலும் நீதிமன்றம் ஏறும் தனி வழக்கறிஞருக்கு, அதற்கான கட்டணத்தையும் நேரத்தையும் எளிதாக்கித் தரும் பொறுப்பு கட்டாயப்படுத்தும் அமைப்பையே சேரும்.